வண்ணாரப்பேட்டையில் அழகுசாதன விற்பனை: பில் இல்லாமல் புகார் செய்ய முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்கச் சென்ற என் அண்ணியை, இலவசச் சருமப் பரிசோதனை என்று கூறி ஒரு கடைக்குள் அழைத்துச் சென்று, 6,800 ரூபாய்க்குக் கிரீம்களை விற்றிருக்கிறார்கள். ஒரு கன்னத்தில் மட்டும் ஜெல்லைத் தேய்த்து, திரண்டு உருண்டு வந்த துணுக்குகளைக் காட்டி, "பாருங்கக்கா, எவ்வளவு அழுக்கு!" என்று பயமுறுத்திவிட்டு, மறு கன்னத்துக்கும் செய்ய வேண்டுமானால் முழு செட்டையும் வாங்க வேண்டும் என்றார்களாம். அதே ஜெல்லை வீட்டில் எவர்சில்வர் தட்டில் தேய்த்துப் பார்த்தேன். அங்கும் அதே துணுக்குகள் உருண்டன. தட்டுக்கு ஏது சருமத்து அழுக்கு? தேய்த்தால் திரள்வது ஜெல்லேதான்.

டப்பாவில் உற்பத்தியாளரின் முகவரியும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. பில் தரவில்லை, ஒரு தனிநபரின் பெயருக்குச் சென்ற ஜிபே பதிவு மட்டும் உள்ளது. திருப்பிக் கொடுக்கப் போனால், பிரித்த பொருளை வாங்குவதில்லை என்கிறார்கள். பிரித்தவர்களே அவர்கள்தான்.

பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்பதும், 1915 என்ற உதவி எண் இருப்பதும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதும் தெரியும். பணப்பரிமாற்றப் பதிவை மட்டும் வைத்து வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தவர்கள் இங்கு இருந்தால், எதிர்த்தரப்பாக யாரைக் குறிப்பிட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். உரிம எண் இல்லாத கிரீமைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் அளித்த அனுபவம் உள்ளவர்களும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.