மயில்துத்தக் கரைசலில் சும்மா கிடக்கும் அலுமினியம், உப்பு போட்டதும் பொங்குவது ஏன்?

கேள்வி:
100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்). அலுமினியத் தாளைப் போட்டு ஒரு மணி நேரமாகியும் அசைவில்லை. இரண்டு ஸ்பூன் சாப்பாட்டு உப்பு (சோடியம் குளோரைடு) போட்டதும் கரைசல் பச்சையாகி, குமிழி கிளம்பி, பீக்கர் சுடுகிறது. அலுமினியமும் செம்பு சல்பேட்டும் சேர்ந்து அலுமினியம் சல்பேட்டும் செம்பும் வரும் என்ற சமன்பாட்டில் குளோரைடே இல்லையே? அந்த வாயு என்ன? மிஞ்சும் செம்புத் தூளைச் சுத்தமாக எடுப்பது எப்படி?

பதில் 1:
அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் இருக்கிறது. சல்பேட்டால் அதை அசைக்க முடியாது. குளோரைடு அயனி படலத்தின் நலிந்த இடங்களில் ஒட்டிக் குழி பறிக்கும். குழிக்குள் செம்பு படிந்துவிட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து குட்டி மின்கலமாகிவிடும்; பிறகு அரிப்பு தானே வேகமெடுக்கும். குளோரைடு செலவாவதில்லை, அதனால்தான் சமன்பாட்டில் வரவில்லை. உப்புத்தாளால் தேய்ப்பது வீண்வேலை, படலம் காற்றில் உடனே திரும்ப வந்துவிடும்.

பச்சை நிறம் செம்பு-குளோரைடு அணைவு அயனியால் (செம்பு அயனியோடு குளோரைடு பிணைந்த அயனி) வருவது. இரண்டு ஸ்பூன் ரொம்ப அதிகம், அரை கிராம் போதும். குளோரைடு மிகுந்தால் வெள்ளையாகக் குப்ரஸ் குளோரைடும் படிந்து செம்போடு கலந்துவிடும்.

பதில் 2:
வாயு ஹைட்ரஜன். மயில்துத்தக் கரைசல் லேசான அமிலம். கரைந்து வரும் அலுமினியம் அயனி அமிலத்தன்மையை இன்னும் கூட்டும். கணக்குப்படி 5 கிராமுக்கு 0.36 கிராம் அலுமினியம் போதும். ஹைட்ரஜனுக்கும் கொஞ்சம் போவதால் அரை கிராம் எடுங்கள். பக்கத்தில் தீ வேண்டாம், பீக்கரை மூடவும் வேண்டாம்.

இந்தச் செறிவில் வெப்பம் சுமார் 20 டிகிரி ஏறும். அதே தண்ணீரில் 20 கிராம் மயில்துத்தம் போட்டால் கொதித்து வெளியே வழியும். தாளைக் கசக்கி உருண்டையாகப் போடாமல் கீற்றுகளாக விட்டால் வேகம் கைக்குள் இருக்கும்.

பதில் 3:
தூளுக்கு: நீலம் போனதும் மேல்நீரை வடித்து, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள். மிஞ்சிய அலுமினியத் துணுக்கெல்லாம் கரைந்து குமிழி நின்றதும் உடனே வடித்துவிடுங்கள். செம்பு அந்த அமிலத்தில் கரையாது என்று ஊறப்போட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜன் கைகொடுத்துச் செம்பையும் கரைக்கும். அமிலம் பச்சையாகத் தொடங்கினால் அதுதான் அடையாளம். நான்கைந்து முறை தண்ணீரில் அலசி, கடைசியில் ஸ்பிரிட் ஊற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு வைத்தால் பழுப்பேறும். முழு மகசூல் 1.27 கிராம், எடை அதற்கு மேல் காட்டினால் ஈரமோ அலுமினியமோ இன்னும் இருக்கிறது.

நீலம் தங்கிய கழிவு நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். மீனுக்கும் பாசிக்கும் செம்பு விஷம்.