மறு: ஏரிக்கரையில் ‘கடற்குகை’யா?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரைப் பாறையில் அலை குடைந்த குகைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் குழுவின் கேள்விக்கு என் பதில் இது.

> சுப்பீரியர் ஏரியே கடல் மாதிரிதான் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘சீ கேவ்’ என்றே எழுதுகிறார்கள். ‘கடற்குகை’ என்று வைத்துவிட்டுப் போவோமே?

ஐயா சொல்வதிலும் நியாயம் உண்டு. ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர். அந்தக் கரையில் வாழும் ஒஜிப்வே மக்கள் அதை கிச்சிகாமி என்பார்கள். ‘பெருநீர்’ என்று பொருள். நம் பழைய செய்யுள்களிலும் பெருநீர் என்றால் கடல்தான். ஆனாலும் படத்தின் கீழ் ‘விஸ்கான்சின் மாநிலக் கடற்குகை’ என்று போட்டால், விஸ்கான்சினுக்கு ஏது கடல் என்று பள்ளிப்பிள்ளை கூடக் கேட்கும். கடலானாலும் ஏரியானாலும் குடைவது அலை. ஆகவே என் ஓட்டு ‘அலைக்குகை’க்கு.

நடுவில் வரும் ‘க்’ என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘அலைகுகை’ என்றால் வினைத்தொகையாகி, ஊர் ஊராய் அலையும் குகை ஆகிவிடும்! அக்கா சொன்ன ‘கரைக்குகை’யிலும் இதே வம்புதான். க் போனால் அது ‘கரைகுகை’. ஆந்திரத்துப் போரா குகைகளைப் போல, சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்து உண்டாக்கியவற்றுக்கு அந்தப் பெயரை எடுத்துவைத்துக்கொள்ளலாம், நல்ல சொல். மணற்கல் கதை வேறு. அதிலிருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், லேசில் கரையாது. மணிகளைப் பிடித்திருக்கும் ஒட்டு தளர்ந்து, கல் உதிர்கிறது.

நான் மொழிபெயர்ப்பது இந்த ஏரியில் விஸ்கான்சின் கரையோரம் இருக்கும் அப்போஸ்தல் தீவுகளைப் பற்றிய கட்டுரை. 1970-இல் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே எல்லாப் பாறையிலும் குகை இல்லை என்பதுதான் சுவாரசியம். சுமார் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணற்கல்லில் மூன்று தொகுதிகள். கீழேயும் மேலேயும் இருப்பவை ஆறுகள் கொண்டுவந்து போட்ட தடித்த அடுக்குகள். நடுவில் டெவில்ஸ் தீவுத் தொகுதி, அப்பளக் கட்டு போல மெல்லிய அடுக்குகளாக. ஆழமில்லாத நீர் தேங்கி வற்றிய மணல்வெளியில் படிந்தது; அன்றைய சிற்றலை மணலில் போட்ட வரிகள் இன்னும் கல்லில் தெரிகின்றன. இந்த மெல்லிய அடுக்கு நீர்மட்டத்தில் வரும் இடங்களில்தான் குகைகள் நிறைய. டெவில்ஸ் தீவின் வடமுனை, சாண்ட் தீவின் சுவாலோ முனை, கரைநிலத்தில் கார்னுகோப்பியா பக்கம்.

அலை மோதி மோதிப் பாறையின் அடியில் முதலில் ஒரு பள்ளம் விழுகிறது. இடுக்குகளில் புகுந்த நீர் குளிரில் உறைந்து, ஒன்பது சதவீதம் பருத்து, கல்லை நெம்புகிறது. (கண்ணாடி பாட்டிலை வழிய நிரப்பி ஃப்ரீசரில் வைத்து மறந்தவன் நான். சத்தம் கேட்டுத்தான் ஞாபகம் வந்தது.) பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்கள் பாறைமுகத்துக்குப் பின்னால் ஒன்றோடொன்று கூடிவிட்டால், முன்னால் தூண்கள் மட்டும் மிஞ்சும், உள்ளே வளைகூரை போட்ட அறை. அதுதான் குகை.

ஆக, நமக்கு அவசரமாக வேண்டியது அந்த முதல் பள்ளத்துக்கு ஒரு சொல். நான் ‘அடிக்குடைவு’ என்று எழுதியிருக்கிறேன்.

> குடைவு என்றாலே மண்டகப்பட்டுக் குடைவரைதான் நினைவுக்கு வருகிறது. உளி பிடித்த கை வேண்டாமா?

வண்டு மரத்தைக் குடைகிறது, காது குடைகிறது என்கிறோம். யார் கையில் உளி இருந்தது? புறநானூற்றுத் தாய் தன் வயிற்றைப் புலி இருந்து போன ‘கல்லளை’ என்கிறாளே, அந்த ‘அளை’யை எடுத்து ‘அலையளை’ ஆக்கலாமா என்றும் பார்த்தேன். நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பாறையில் விழும் பிளவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஜாயிண்ட்’ என்பதை ‘மூட்டு’ என்று எழுதியிருந்த பழைய கலைச்சொல் பட்டியலை அப்படியே எடுக்க வேண்டாம். பாறை விட்டுப்போன இடம் அது, சேர்ந்த இடம் இல்லை. ‘விரிசல்’ போதும்.

பி.கு.: ‘ஐஸ் கேவ்’ பற்றி அக்கா தனியாகக் கேட்டிருந்தார். 2014 குளிர்காலத்தில் ஏரி கெட்டியாக உறைந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பனிக்கட்டி மேல் நடந்தே போய்ப் பார்த்தார்கள். பார்த்தது இதே மணற்கல் குகைகளைத்தான். கசிந்த நீர் உறைந்து விழுது விழுதாகத் தொங்கியது. ‘பனிக்குகை’ என்றால் குகையே பனியால் ஆனது என்று படும். ‘பனிவிழுது தொங்கும் அலைக்குகை’ என்று விரித்தே எழுதிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு புதுச்சொல் வேண்டுமா என்ன?

படக்குறிப்புகளை ஞாயிறு இரவு ஏற்றுகிறேன். ‘அடிக்குடைவு’ பிடிக்காதவர்கள் அதற்குள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள்.