2.445-ஐ ஒரு தசம இடத் திருத்தமாக எழுதினால் 2.4 வருமா, 2.5 வருமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 2.445 என்ற எண்ணை ஒரு தசம இடத் திருத்தமாக எழுதும்போது, கடைசி இலக்கம் 5 என்பதால் முதலில் 2.45 ஆக்கி, அதிலும் கடைசியில் 5 இருப்பதால் அதை 2.5 ஆக்கியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 2.4 என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படியிலும் விதிப்படியே நடந்தவளுக்கு விடை மட்டும் எப்படித் தவறும் என்று அவள் அழுதபடி கேட்கிறாள். "விதி அப்படித்தான்" என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1 (பெரம்பூர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்):
அம்மா, உங்கள் மகளின் கேள்வி மிக நல்ல கேள்வி, அதை அடக்கிவிடாதீர்கள். எண்கோட்டில் 2.4-ஐயும் 2.5-ஐயும் குறித்து, நடுவில் 2.45-ஐ வைக்கச் சொல்லுங்கள். 2.445 அந்த நடுப்புள்ளிக்கு இடப்புறம்தான் விழும். ஆகவே அதற்கு அருகில் இருப்பது 2.4. ஒரு தசம இடத்துக்குத் திருத்தும்போது பிழை 0.05-ஐத் தாண்டவே கூடாது, ஆனால் 2.5 என்று எழுதினால் பிழை 0.055 ஆகிவிடுகிறது. அவள் முதல் படியில் எழுதிய 2.45 ஏற்கெனவே மேலே தள்ளப்பட்ட எண். அதை மூல எண்ணாகவே கருதி மறுபடியும் தள்ளியதுதான் தவறு. எத்தனை இடம் வேண்டுமோ அதற்கு அடுத்த ஒரே இலக்கத்தை, மூல எண்ணிலேயே, ஒரே முறை பார்க்க வேண்டும். இங்கே அது 4.

பதில் 2 (காசிமேடு):
மீன் கடையில் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தராசு 2.445 கிலோ காட்டுகிறது, கிலோ 480 ரூபாய் என்றால் விலை 1173 ரூபாய் 60 காசு. எடையை 2.5 என்று எடுத்தால் வாங்குபவருக்கு 26 ரூபாய் 40 காசு நட்டம், 2.4 என்று எடுத்தால் எங்களுக்கு 21 ரூபாய் 60 காசு நட்டம். அதனால் எடையில் கை வைக்காமல் பெருக்கி முடித்து, கடைசித் தொகையை மட்டும் 1174 ஆக்குவோம்.

பதில் 3 (மணலி):
காசிமேட்டு ஐயா சொல்வது பங்குச் சந்தைக்கும் பொருந்தும். வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 1982-இல் 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்று தசம இடங்களுக்குப் பிறகு வருவதைத் திருத்தாமல் வெட்டிவிட்டதால், 1983 நவம்பரில் அது 524.811 என்று காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது கிடைத்தது 1098.892.

கேள்வி கேட்டவர்:
எண்கோடு வரைந்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது, நன்றி. இப்போது 3.97-ஐ ஒரு தசம இடத்துக்கு 4 என்று எழுதலாமா என்கிறாள்.

பதில் 1 (பெரம்பூர்):
4.0 என்றே எழுதச் சொல்லுங்கள். 4 என்றால் மூல எண் 3.5-க்கும் 4.5-க்கும் இடையில் எங்கும் இருந்திருக்கலாம், 4.0 என்றால் அது 3.95-க்கும் 4.05-க்கும் இடையில்தான் இருந்திருக்க முடியும். அந்தச் சுழியத்தை விட்டாலும் மதிப்பெண் குறையும், அது நியாயம்தான்.