கொய்யாவா, பப்பாளியா? உங்கள் அனுபவம் என்ன?

மடிப்பாக்கம் கிணற்றடி:
2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று மதியம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பப்பாளி இடுப்பளவில் முறிந்து விழுந்தது. காற்றின் இரைச்சலில் முறிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. முப்பது காய்க்கு மேல் இருக்கும். அடுத்த இரண்டு நாள் கரண்ட் இல்லை, தெரு முழுக்கப் பப்பாளிக்காய்க் கூட்டுதான். பத்தடி தள்ளி நின்ற கொய்யா இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு இன்னும் மறக்காதது வேறு. அம்மா அந்த முறிந்த தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய பாலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

போரூர்க்காரன்:
உங்களுக்குக் காயாவது கிடைத்தது அக்கா. ஒரு நர்சரியில் ரெட் லேடி ரகப் பப்பாளி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் தண்ணீர் ஊற்றி, பூ வந்ததும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். நீளக் காம்பில் தோரணம் மாதிரி கொத்துக்கொத்தாகத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டி மதில் மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, அது ஆம்பள மரம்டா" என்றார். வெட்டிவிட்டு லக்னோ 49 கொய்யாப் பதியன் வைத்தேன். முதல் பழத்தை ஆசையாக நறுக்கினால் உள்ளே புழு நெளிகிறது!

பள்ளிக்கரணை சார்:
போரூர் தம்பி, ரெட் லேடியில் ஆண் மரம் வராது. பெண் மரமும் இருபால் பூ மரமும்தான் வரும். உங்களுக்குக் கொடுத்தது வேறு ஏதோ நாட்டு விதை. அதற்காகப் பப்பாளியையே குறை சொன்னால் எப்படி? நாட்டு ரகம் என்றால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூ பார்த்துக் கழிக்க வேண்டும். அப்புறம் கொய்யாப் புழு. அது பழ ஈ முட்டையிடுவதால் வருவது, மழைக்காலக் காயில்தான் அதிகம். காய் எலுமிச்சை அளவு வந்ததும் வலைப் பையோ பழைய துணியோ கட்டுங்கள். பழ ஈயை இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியும் தொங்கவிடலாம். புழு விழுந்த பழத்தை மரத்தடியிலேயே போடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்ப வரும். அறுப்பு முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டுங்கள். புதுத் துளிரில்தான் பூ வரும். பப்பாளியை மேட்டில் வையுங்கள், தண்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கவே கூடாது. மிக்ஜாம் புயல் சமயம் எங்கள் வீட்டில் மூன்று நாள் வெள்ளம் வடியவில்லை. பப்பாளி அழுகிச் சாய்ந்தது, கொய்யா பிழைத்தது.

அம்பத்தூர் மொட்டைமாடி:
புயல், வெள்ளம் எல்லாம் சரி, அணிலுக்கு என்ன செய்வது? டிரம்மில் கொய்யா. நேற்று காலை ஆறு மணிக்குப் பறிக்கப் போனேன். பழத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே கடிக்கிறது. பாதி தின்றுவிட்டு, மீதியை என் காலடியில் போட்டது. சார் சொல்கிற துணிப்பையைக் கிழித்துவிட்டுத்தான் இந்தக் கூத்து.

மடிப்பாக்கம் கிணற்றடி:
சார், வைத்தியம் நான் கேட்கவே இல்லை! மேட்டில் வைத்திருந்தாலும் அந்தக் காற்றில் முறிந்திருக்கும். இப்போது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பப்பாளி தானாக முளைத்திருக்கிறது. ஆணா பெண்ணா தெரியவில்லை. பிடுங்கலாம் என்றால் அம்மா விடவில்லை.