சிமுலேட்டரில் கழுத்து வலிக்குமா?

கழுத்துக்காரன்:
"தலையில் ஹெட்செட் எதையும் மாட்டாமலே, கணினி உருவங்களை நம்மைச் சுற்றி நிஜம்போலக் காட்டும் எக்ஸ்ஆர் டிசைன் கத்துக்கலாம், லேப்டாப்பில் அதைப் பாவனை செய்து காட்டும் சிமுலேட்டர் போதும்" என்று நேற்று இங்கே ஒருத்தர் எழுத, ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். திண்ணையில் படுத்து நீச்சல் பழகுகிற கதை. ஒரே கேள்வி. மெனுவைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தால் சிமுலேட்டரில் கழுத்து வலிக்குமா?

பிக்சல்பாண்டி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம் சார். மெட்டா சிமுலேட்டர் குடுக்குது. ஆப்பிள், ஆப் எழுதுற எக்ஸ்கோடு மென்பொருளுக்குள்ளயே தன்னோட விஷன் புரோ ஹெட்செட்டுக்கு சிமுலேட்டர் வச்சிருக்கு. அவங்கல்லாம் வேலையத்தவங்களா? 3,499 டாலருக்கு வந்த பெட்டியை வாங்கினாத்தான் கத்துக்க முடியும்னா எங்க ஊர்ல ஒரு பய கத்துக்க மாட்டான்.

கழுத்துக்காரன்:
அது பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க. உடம்பு தாங்குமா என்று பார்க்க இல்லை. நான் முதலில் செய்தது ஒரு சிற்பக்கூடம். மானிட்டரில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹெட்செட்டில் போனால் விளக்கப் பலகை வாசற்கதவு அகலத்துக்கு மூக்கில் இடிக்கிறது. 3டி உலகம் கட்டுகிற யூனிட்டி மென்பொருளில் ஒரு யூனிட் என்றால் ஒரு மீட்டர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் இடித்தது. சிற்பங்களின் பட்டியலை வேறு மேலே மாட்டியிருந்தேன். பார்க்க வந்தவர் ஐந்தே நிமிடத்தில் பிடரியைத் தடவ ஆரம்பித்துவிட்டார். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் எடை 515 கிராம். அரைக் கிலோ கத்திரிக்காயை முகத்தில் கட்டிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள், புரியும்.

பிக்சல்பாண்டி:
நான் எழுதினதுல கழுத்து எங்க வந்துச்சு? அட்டையில மெனு வெட்டி, சுவத்துல ஒட்டி, அறைக்குள்ள நடந்து பாருங்கன்னேன். ஆளைத் திரும்ப வைக்க முதுகுப் பக்கமிருந்து சத்தம் குடுங்கன்னேன். அதை எல்லாம் விட்டுட்டு கழுத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க. போன மாசம் உங்க லோகோவை நல்லா இல்லைன்னு சொன்னேனே, அந்தக் காய்ச்சல்தானே இது?

நூலகவாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எக்ஸ்ஆர் என்றால் முழுக்க மெய்நிகர் உலகமான விஆர் மட்டும்தானா? மில்கிராம், கிஷினோ என்ற ஆய்வாளர்கள் 1994-லேயே நிஜத்துக்கும் மெய்நிகருக்கும் நடுவே ஒரு தொடர்கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். போன் கேமராவில் தெரியும் நிஜக் காட்சி மேல் உருவங்களை வைக்கிற ஏஆரும் இதில் அடக்கம். அதற்கு ஹெட்செட்டே வேண்டாம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில்...

கழுத்துக்காரன்:
ஐயா, வலிக்குமா வலிக்காதா? வரலாறுதான் வேண்டுமென்றால் கேளுங்கள். 1968-ல் கணினி விஞ்ஞானி சதர்லேண்ட் செய்த, தலையில் மாட்டும் கருவியைக் கூரையிலிருந்துதான் தொங்கவிட்டார்கள். ஏன்? கழுத்து!

நூலகவாசி:
கழுத்துக்காக மட்டும் இல்லை. தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் இயந்திரக் கையும் கூரையில்தான் பொருத்தியிருந்தது.

கழுத்துக்காரன்:
"மட்டும் இல்லை." அப்படியானால் கழுத்துக்காகவும்தான். நன்றி.

கோவைக்காரி:
ஏனுங்க, 2014-ல கூகுள் விட்ட அட்டைக் கண்ணாடி இருக்குதுங்களே? போனைச் சொருகிப் பார்த்துப் பழகினா ஆகாதுங்களா?

கழுத்துக்காரன்:
அதற்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும். ஒரு அடி முன்னால் குனிந்தால் சிலையும் கூடவே ஒரு அடி பின்வாங்கும். உடம்பு நகர்கிறது, கண்ணுக்கு நகரவில்லை. வயிற்றைப் பிரட்டும்.

கோவைக்காரி:
வயித்தைப் பத்தி நான் கேக்கலைங்க. ஆரம்பத்துக்கு ஆகுமான்னுதான் கேட்டேன்.

கோடோபக்தன்:
இவ்வளவு பேசுறீங்க, அந்த யூனிட்டியை ஏன் தொடுறீங்க? 2023-ல, அதுல செஞ்ச கேமை யாராவது இன்ஸ்டால் பண்ணினா, இன்ஸ்டாலுக்கு இவ்வளவுன்னு காசு கேட்டவங்க.

பிக்சல்பாண்டி:
2024-ல அதை ரத்து பண்ணிட்டாங்களே.

கோடோபக்தன்:
கேட்டாங்களா இல்லையா?

பிக்சல்பாண்டி:
இன்னொரு கழுத்துக்காரர் கிளம்பிட்டார்டா சாமி.

கழுத்துக்காரன்:
என் பெயரை வைத்துக் கேலி வேண்டாம் தம்பி. நீங்கள் பிளஸ் டூ படித்த காலத்தில் நான் ரிஃப்ட் என்ற விஆர் கண்ணாடிக்குச் செய்துகொண்டிருந்தேன். நொடிக்கு 90 ஃபிரேம், அதாவது 90 படம். அதற்குக் கீழே இறங்கினால் வாந்திதான்.

நூலகவாசி:
2019-ல் வந்த முதல் குவெஸ்ட் 72 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 72 படம்தானே? அதைப் போட்ட எல்லாருமா வாந்தி எடுத்தார்கள்?

கழுத்துக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள்.

பிக்சல்பாண்டி:
யாரு மாத்துறது! 90-ஐ இழுத்ததே நீங்க. சரி, மாட்டிப் பார்க்கணும்கிறதை நான் இல்லைங்கல. கடைசியா ஒரு தடவை இரவல் வாங்கி மாட்டினாப் போதும்கிறேன்.

கழுத்துக்காரன்:
கடைசியில் மாட்டினால் எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். பட்டவன் சொல்கிறேன்.

பிக்சல்பாண்டி:
நீங்க பட்டா ஊரே படணுமா? நான் செஞ்ச மெனுவோட ஸ்கிரீன்ஷாட் கீழே போட்டிருக்கேன். எங்க வலிக்குதுன்னு வட்டம் போட்டுக் காட்டுங்க.

கழுத்துக்காரன்:
ஸ்கிரீன்ஷாட்டில் கழுத்து வலிக்குமா?