சொந்தப் படம் வரைய உட்கார்ந்தால் கை ஓடவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கரித்துண்டு:
வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஆர்டருக்குப் பென்சில் போர்ட்ரெய்ட் வரைந்து கொடுப்பதுதான் தொழில். கல்யாணப் பரிசு, அறுபதாம் கல்யாணம், காலமான அப்பா அம்மா படம் என்று வேலைக்குக் குறைவில்லை. போட்டோ வந்தால் கட்டம் போட்டு வரைந்துவிடுவேன், முகம் அச்சு அசலாக வந்துவிடும். ஆனால் எனக்கென்று ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. ரெஃபரன்ஸ் தேடுகிறேன் என்று பின்ட்ரெஸ்டைத் திறந்தால் ராத்திரி அதிலேயே போய்விடுகிறது, பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் யாரோ வரைந்துவிட்டார்கள் என்றுதான் படுகிறது. ஆசையாக வாங்கிய 300 ஜிஎஸ்எம் தடிமன் வாட்டர்கலர் தாள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. இதிலிருந்து மீண்டவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்மை:
கற்பனை வற்றிவிட்டது என்று பயப்படாதீர்கள் தம்பி. போட்டோவைப் பார்த்து வரையும்போது எங்கே வெட்டுவது, வெளிச்சம் எந்தப் பக்கம், எதை விடுவது எல்லாவற்றையும் கேமரா வைத்திருந்தவர் முன்பே முடிவு செய்துவிட்டார், உங்களுக்கு மிச்சம் இருப்பது அளவு பிசகாமல் இறக்குவது மட்டும்தான். வருடக்கணக்கில் அதையே செய்தால் முடிவெடுக்கும் பழக்கம் விட்டுப்போகும். வெள்ளைத்தாள் கேட்பதோ அந்த முடிவுகளைத்தான்.

உங்கள் ஊரிலேயே வெற்றிலைக் கடைகள் இருக்கின்றன. கவுளி, அதாவது வெற்றிலைக் கட்டு, அடுக்குபவரின் கையைப் பாருங்கள், அது நிற்கவே நிற்காது. கட்டம் போட நேரம் கிடையாது, விரலா இலையா மணிக்கட்டா என்று அங்கேயே ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும். பால்பாயின்ட் பேனா போதும், ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முகம் மட்டும் வேண்டாம், முகத்தைக் கண்டால் உங்கள் கை ஆர்டர் வேலைக்குப் போய்விடும்.

தூரிகைக்காரி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆர்டர் வேலையைக் குற்ற உணர்ச்சியோடு பார்க்க வேண்டாம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக்குப் பக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயம் போடும் துணி வேலை) மாதிரியான கைவினைப் பொருள்கள் செய்து விற்றுத்தான் பிழைத்தார்கள், சோறு அதிலிருந்து வந்ததால் படம் விற்குமா என்ற கவலை இல்லாமல் வரைய முடிந்தது. உங்கள் பென்சில் வேலையும் அப்படித்தான் இருக்கட்டும். ஆனால் இரண்டையும் ஒரே மேசையில், ஒரே பென்சிலில் செய்யாதீர்கள், இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஒரு விஷயத்தைப் பிடித்தால் அதிலேயே கிடங்கள். ஓவியர் ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தி என்ற ஒரே மனிதரை 100 கோட்டோவியங்களாக வரைந்தார். அடுத்தது என்ன வரைவது என்ற கேள்வியே எழாது, அதே ஆள், இன்னொரு கோடு.

கத்திரிவெயில்:
அந்த 300 ஜிஎஸ்எம் தாளைத் தொடாதீர்கள் அண்ணா, விலை ஞாபகம் வந்தாலே கை கூசும். மலிவான கார்ட்ரிட்ஜ் தாளைக் கால் பங்காகக் கிழித்துக்கொள்ளுங்கள். நிறம் வேண்டுமென்றால் அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, இந்த இரண்டு ட்யூப் மட்டும். சமமாகக் கலந்தால் நல்ல சாம்பல் வரும், நீலம் கூடினால் மழை மேகம், சியன்னா கூடினால் பழைய மரக்கதவு. மகாமகக் குளத்துப் படிக்கட்டு நிழலுக்கு இந்த இரண்டே தாராளம். மஞ்சளும் பச்சையும் பெட்டியில் இருந்தால்தானே எதை எடுப்பது என்று யோசிப்போம்?

கரித்துண்டு:
எல்லாருக்கும் நன்றி. கேமரா வைத்திருந்தவர் முடிவெடுத்துவிட்டார் என்றது சரியாகப் பிடிபட்டது. ஒரு சந்தேகம், கடைத்தெருவில் உட்கார்ந்தால் கூட்டம் கூடி எட்டிப்பார்ப்பார்களே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மஞ்சள்மை:
முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பாருங்கள், எட்டிப்பார்க்க வழி இருக்காது. நோட்டு உள்ளங்கை அளவுக்கு இருந்தால் கணக்கு எழுதுகிறீர்கள் என்று நினைத்துப் போய்விடுவார்கள். கடைக்காரரிடம் மட்டும் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு போனால் ஸ்டூலே போட்டுத் தருவார்கள். வரைந்ததை இங்கே போடுங்கள் தம்பி, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.