ஓர் 'ஆல்' உருபும் தேக்குத் தூணும்

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடொன்றைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டும் பணியில் நான் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். முகப்பில் நிற்கும் தூண்களைக் காட்டி, 'மேட் ஃபிரம் பர்மா டீக்' என்றே வெகுகாலம் சொல்லிவந்தேன். சென்ற மார்கழியில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மற்றவர்கள் வளவு எனும் உள்முற்றப் பகுதிக்குள் சென்ற பிறகு என்னைத் தனியே அழைத்துத் தூணைத் தட்டிக் காட்டி, "இது இன்னும் மரமாகத்தானே நிற்கிறது? அப்படியானால் 'ஆஃப்' என்று சொல்லுங்கள்" என்றார். மரம் கூழாகிக் காகிதமாவதுபோல் மூலப்பொருள் உருமாறிப் போகும்போதுதான் 'ஃபிரம்' வரும் என்று அவர் விளக்கினார். சுவர்ப் பூச்சில் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கலந்திருப்பதைச் சொன்னபோது, சேர்மானங்களில் ஒன்றைத் தனித்துக் குறிப்பிடுவதால் அங்கே 'மேட் வித்' பொருந்தும் என்றார்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு வந்தோம். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமலே கையால் செய்வது என்பதைச் சொல்ல, அப்போது கற்றதை நம்பி 'மேட் வித் ஹேண்ட்' என்றேன். அதற்கும் அவர் தலையசைத்து மறுத்து, 'பை ஹேண்ட்' என்று திருத்தினார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தேக்கால், கையால், ஆசாரியால் என்று நாம் எல்லாவற்றையும் மூன்றாம் வேற்றுமையின் ஓர் உருபால் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த உருபுக்குள் முதற்கருவி (பொருளாக ஆகும் மூலப்பொருள்), துணைக்கருவி (செய்ய உதவும் கருவி), கருத்தா (செய்பவர்) என்ற பொருள்களை நம் இலக்கணம் முன்பே பிரித்து வைத்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் வழி தெளிந்தது. முதற்கருவிக்கு 'ஆஃப்' அல்லது 'ஃபிரம்', துணைக்கருவிக்கு 'வித்', கருத்தாவுக்கு 'பை' என்று பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. கை துணைக்கருவியே என்றாலும், 'பை ஹேண்ட்' மரபுத்தொடராக உறைந்துவிட்டதால் இந்த வரிசையில் அடங்குவதில்லை. 'தம் கைகளால்' என்று உடைமை சேர்த்துச் சொன்னால் உடனே 'வித் ஹிஸ் ஹேண்ட்ஸ்' என்று மாறிவிடுகிறது.

*

காரைக்குடியில் ஆங்கிலம் கற்பிக்கும் நான், முன்னவர் இறுதியில் சொன்னதை வகுப்பறையிலும் கண்டிருக்கிறேன். தைப்பூசத்திற்குக் காவடியுடன் பழநிக்கு நடந்து செல்லும் குடும்பத்து மாணவர் ஒருவர், பேருந்துக்கு 'பை பஸ்' வருவதைப் பார்த்துத் தம் கட்டுரையில் 'பை ஃபுட்' என்று எழுதியிருந்தார். ஊர்திக்கு 'பை' என்றும் நடைக்கு 'ஆன் ஃபுட்' என்றும் சொல்லி, 'என் காரில்' என்றால் 'பை' நீங்கி 'இன் மை கார்' ஆகிவிடுவதையும் காட்டினேன். விதியாக மனப்பாடம் செய்வதைவிடத் தாம் உண்மையில் போய்வந்த ஒரு பயணத்தோடு சேர்த்து எழுதிப் பார்ப்பதே நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. அவரும் மறுநாள் அதே கட்டுரையை மாற்றி எழுதி, போனது 'ஆன் ஃபுட்' என்றும் திரும்பியது 'பை பஸ்' என்றும் ஒரே வாக்கியத்தில் பிழையின்றி அமைத்துக் கொண்டுவந்தார்.